ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் பிடியரிசி

நான் வந்துவிட்டேன், என் பெட்டி வரவில்லை. தூத்துக்குடி விமான நிலையத்தில் எல்லாரும் அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். சென்னையிலிருந்து கிளம்பிய சின்ன விமானத்தில் எடை கூடிவிட்டதாம், சில பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு வந்தார்களாம். கவுண்டரில் இருந்த பெண் “நாளைக்கு வந்துரும் மேடம், அட்ரஸ் எழுதிக் குடுங்க” என்றாள். நான் சத்தம் போட்டேன். அவள் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கோபமாக இருக்கும்போது தண்ணீர் நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

இது புதிதல்ல. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவில் பத்தொன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். நடக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் நோயாளிகளை என்னிடம்தான் அனுப்புவார்கள். திட்டியே நடக்கவைத்துவிடுவேன் என்று பெயர். பிலோமினா என்ற பெயர் வார்டில் பாதிப் பேருக்குத் தெரியாது, ‘மிளகாய் சிஸ்டர்’ என்றால் தெரியும்.

நான் வந்த காரியம் பத்து சக்கர நாற்காலிகள். எங்கள் ஆஸ்பத்திரி பழசு என்று கழித்துப்போட்டவை. நான் படித்த கத்தோலிக்கப் பள்ளியில் படித்துவிட்டு மஸ்கட்டில் பிழைக்கும் கொஞ்சம் பேர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் கூடி உட்கார்ந்து சக்கரம் மாற்றினோம், பிரேக்கைச் சரிசெய்தோம், இருக்கைத் துணி தைத்தோம். சக்கர நாற்காலி சட்டை மாதிரி, ஆளுக்கு அளவு பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். பள்ளித் தலைமை சிஸ்டர் பத்துப் பேரின் அளவையும் எழுதி அனுப்பியிருந்தார். அதன்படி முடித்துக் கப்பலில் ஏற்றினோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பள்ளி நடத்தும் சேவை நாளில் நேரில் ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும். வாய் உள்ளவள் என்று என்னை அனுப்பினார்கள்.

பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்குப் போகும் சாலையில் ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறது, அது போதும்.

அன்று ராத்திரி தூத்துக்குடியில் அண்ணன் வீட்டில் மதினியின் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் பொரித்த பரோட்டா வாங்கி வந்திருந்தார். மஸ்கட்டில் பரோட்டா கிடைக்கும், மலையாளிக் கடைப் பரோட்டா, பஞ்சு போல இருக்கும். எண்ணெயில் முக்கிப் பொரித்து நொறுக்கிச் சால்னா ஊற்றித் தின்பது இந்த ஊரில்தான். நாலு தின்றேன். பெட்டி மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. துறைமுகத்தில் மீதிக் கோபத்துக்கு வேலை வந்தது. நாங்கள் வைத்திருந்த கிளியரிங் ஏஜெண்ட், அண்ணாச்சி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பெரியவர், தாளில் ‘பத்து நாற்காலி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சாமான் என்று எங்கேயும் இல்லை. பார்த்தவர்கள் மேசை நாற்காலிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

“எல்லாம் உக்காருததுக்குத்தானம்மா, நாற்காலின்னு எழுதுனேன்” என்றார் அண்ணாச்சி.

“மூணு மாசமா உங்களுக்குப் படம் பிடிச்சு அனுப்பினேனே அண்ணாச்சி, சக்கரம் கண்ணுல படலையா?”

“கோவப்படாதிய. ஒரு டீ குடிங்க, அதுக்குள்ள மாத்திக் கொண்டாந்துருதேன்.”

நாலு டீ குடித்தேன். கண்டெய்னர் லாரிகள் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நிலக்கரித் தூள் மதினியின் வெள்ளைச் சேலையில் படிந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு நாற்காலிகள் வெளியே வந்து ஒரு குட்டியானையில் ஏறின. எங்கள் பக்கம் சின்ன டெம்போவுக்கு அதுதான் பெயர்.

டிரைவர் இசக்கிமுத்துவுக்கு நாற்பது வயது இருக்கும். பின்னால் கயிறு கட்டும்போது ஒவ்வொரு நாற்காலிக்கும் நடுவில் சாக்கு மடித்துவைத்தார். ஒன்றோடொன்று உரசினால் பெயிண்ட் போய்விடுமாம். நான் கேட்காமலேயே செய்தார். அன்று காலையிலிருந்து சரியாக வேலை செய்த முதல் ஆள் அவர்தான்.

ஆறுமுகநேரிக்கு முன்னால், இரண்டு பக்கமும் உப்பளம் இருக்கும் இடத்தில், பின்டயர் வெடித்தது. ஸ்டெப்னியில் காற்று இல்லை. இசக்கிமுத்து அந்தச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கூப்பிடுதூரத்தில் இருந்த பஞ்சர் கடைக்குப் போய்விட்டு வந்து டயரை மாற்ற ஆரம்பித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஓர் உடைமரத்தின் அரைகுறை நிழலில் எனக்கு ஒரு நாற்காலியை இறக்கிப்போட்டார். சக்கர நாற்காலிதான், வேறு என்ன இருக்கிறது? நான் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலையில் பானையோடு ஒரு பதநீர்க்காரப் பெண் வந்தாள். என்னைப் பார்த்தாள். முகம் வாடிப்போனது. பானையை இறக்கிவைத்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல், டயருக்குக் கீழே குனிந்திருந்த இசக்கிமுத்துவிடம் கேட்டாள்.

“இவுகளுக்கு எப்பமிருந்து இப்படி?”

“என்னது?”

“காலுதான். பாவம், நல்ல கலரா வேற இருக்காக.”

கலருக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவள் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி அதையும் இசக்கிமுத்துவின் கையில்தான் கொடுத்தாள். “அவுகளுக்குக் குடிக்கக் குடுங்க. காசு வேண்டாம்” என்றாள். நான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வாய் இருக்கிறது, காது இருக்கிறது. மஸ்கட்டில் பத்தொன்பது வருடம் இந்த நாற்காலிகளைத் தள்ளியிருக்கிறேன், இந்த வெயிலில்தான் முதல்முறையாக அதில் உட்கார்ந்து பிறர் பேசுவதைக் கேட்டேன். விருட்டென்று எழுந்து நின்றேன். அவள் பயந்து பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் திட்டித் தீர்த்தேன். இசக்கிமுத்து சிரிக்கவில்லை.

“இப்பிடித்தான் மேடம். எம் மகளக் கூட்டிட்டுப் போனா எல்லாரும் என்ட்டதான் கேப்பாக. பிள்ள சாப்ட்டுதா, பிள்ளைக்கு வலிக்கா, பிள்ளைக்குப் பேசவருமான்னு. அவ பேச ஆரம்பிச்சா ஓடிருவாக, அம்புட்டுப் பேசுவா.”

அப்படித்தான் மகாவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மகாலட்சுமி, ஒரே மகள், நான் போகும் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. பிறவியிலேயே இடதுகால் சரியில்லை. காலில் தாங்கலுக்கு இரும்புக் காலிப்பர் மாட்டி, ஒரு கையில் ஊன்றுகட்டை வைத்து நடப்பாள்.

“சொந்த ஊரு ஏரல். அங்கன மூணு பள்ளிக்கூடத்துல கேட்டேன். படி ஏற முடியாது, பாத்ரூம் தூரம், விழுந்துட்டா யாரு பொறுப்புன்னாக. இந்த சிஸ்டர்தான் சேத்துக்கிட்டாக. வகுப்பையே மாடியிலேர்ந்து கீழ கொண்டாந்துட்டாக. அதுக்காகவே நாங்க இங்கன வந்து வாடகைக்கு இருக்கோம். இந்துப் பிள்ளன்னு ஒரு வார்த்தை கெடயாது.”

எனக்குப் பெருமையாக இருந்தது, என் பள்ளி அல்லவா.

“நாளைக்கு அவதான் ‘ஆ’ பிரிவுக்குத் தகரம் கொண்டு போறா. நான் போனுல படம் பிடிக்கணும்” என்றார்.

தகரம் என்றால் பிடியரிசித் தகரம். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம் முழுவதும், உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவைப்பார்கள். அது இல்லாதவர்களுக்கு. எங்கள் பள்ளியில் வகுப்புக்கு ஒரு தகரம். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வீட்டில் சேர்த்ததைக் கொண்டுவந்து அதில் கொட்டும். சேவை நாள் பூசையில், காணிக்கைப் பாட்டு பாடும்போது, வகுப்புக்கு ஒரு பிள்ளை அதைச் சுமந்துபோய் சாமியார் கையில் கொடுக்கும். நான் படித்த காலத்தில் அந்த ஒரு பிள்ளையாக இருக்க நாங்கள் அடித்துக்கொள்வோம்.

“எங்க வீட்டுலயும் தகரம் வச்சிருக்கா. அவ அம்மா போட்டாக் கூடாது, அவ கையாலதான் போடணும். பிள்ளைக எல்லாம் கைதூக்கி அவ பேரைத்தான் சொல்லியிருக்கு” என்றார். அதற்குள் நான் அவருக்கு ‘யக்கா’ ஆகியிருந்தேன்.

பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. தலைமை சிஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். ஓடி ஓடி வேலை பார்த்து முதுகு லேசாக வளைந்திருந்தது. மக்ரூனும் டீயும் கொடுத்தார். நாற்காலிகளைத் தடவிப் பார்த்து, “புதுசு மாதிரியே இருக்கே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

“பத்துப் பேரும் வந்திருவாங்களா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“ஒம்போது பேரு உறுதி. ஒரு தாத்தாவுக்கு உடம்பு சரியில்லைன்னாங்க. பாத்துக்கிடலாம்.”

மைதானத்தில் காணிக்கைப் பவனிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேடைதான் பீடம். மேடைக்கு ஏழு படி, சாய்தளம் கிடையாது. மஸ்கட்டில் நான் மீன் வாங்கும் சந்தைக்குக்கூடச் சாய்தளம் இருக்கிறது. பத்து சக்கர நாற்காலி கேட்ட பள்ளியில் ஒரு சாய்தளம் இல்லை. அதைச் சிஸ்டரிடம் சொன்னேன். நாளைக்கு ஆட்களை வைத்துத் தூக்கிவிடலாம் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வரிசையின் கடைசியில் ‘ஆ’ பிரிவு. தோளில் குறுக்காக மாட்டிய துணிப்பைக்குள் தகரம், வலது கையில் கட்டை, மகா வந்துகொண்டிருந்தாள். தார்ப்பாய் கட்டும் வாரைத் தோள்வாராக வைத்து அப்பா தைத்துக் கொடுத்த பை. இரண்டு பக்கமும் வந்த இரண்டு பிள்ளைகள் அவள் நடைக்கு நடை வைத்தார்கள். எனக்குத் தொழில் கண். குதிகாலை எங்கே ஊன்றுகிறாள், இடுப்பு எப்படிச் சாய்கிறது என்று பார்த்தேன். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்பா என்னைக் காட்டி ஏதோ சொல்லியிருக்கவேண்டும். நேரே என்னிடம் வந்தாள்.

“நூத்திப் பன்னெண்டு எட்டு, ஆன்ட்டி. பாட்டு மூணு சரணம். மத்தவங்க ரெண்டாவது சரணத்துலயே போயிருவாங்க. நான் மூணாவது முடியும்போது போய்ச் சேந்துருவேன். வீட்டுல அம்மா பாட, நான் நடந்து நடந்து பாத்தேன்.”

“கை வலிக்காதா?”

“வலிக்கும். அதுக்கென்ன?”

ராத்திரி பள்ளியின் விருந்தினர் அறையில் தங்கினேன். பெட்டி இன்னும் வரவில்லை. மதினியின் சேலையை அலசிக் காயப்போட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை. மடத்துச் சமையற்காரம்மா இட்லியும் சாளைமீன் குழம்பும் வைத்தாள். தவக்கால வெள்ளி, இறைச்சி கிடையாது, சாளை கிடைக்கும்போது இறைச்சி யாருக்கு வேண்டும்? மூக்குமுட்டத் தின்றுவிட்டு நான் மைதானத்துக்குப் போகும்போது பூசை தொடங்கிவிட்டது. ஊர்க்காரர்களும் பெற்றோரும் பின்னால் நின்றார்கள். சாமியார் பிரசங்கத்தில், இந்தப் பள்ளியில் எல்லாரும் சமம், யாரையும் நாம் ஒதுக்குவதில்லை என்று சொன்னார். நான் தலையாட்டினேன்.

நாற்காலி பெற்றுக்கொள்பவர்களை மைதானத்தின் வலது ஓரத்தில் ஒரு பந்தல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அளவு சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனேன். காலடித் தட்டு, கைப்பிடி, பிரேக். முதல் ஒன்பதும் சரி. பத்தாவது நாற்காலி, பருமனான ஓர் ஆளுக்காக நாங்கள் அகலமாக்கிய நாற்காலி. அதில் மகா உட்கார்ந்திருந்தாள்.

கால்கள் தட்டுக்கு எட்டாமல் தொங்கின. கழுத்தில் ரோஜா மாலை. மடியில் ‘அன்பளிப்பு’ என்று எழுதிய அட்டை. ஊன்றுகட்டை பத்து எட்டு தள்ளிப் பந்தல் காலில் சாத்திவைக்கப்பட்டிருந்தது. நடக்கிற ஆளின் கட்டையைக் கை எட்டாத இடத்தில் வைக்கக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். நான் அதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

“நீ என்னளா இங்கன உக்காந்திருக்க?” என்றேன். எனக்குக் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

மகா வாயைத் திறந்தாள். அதற்குள் பந்தலின் அந்தப் பக்கம் தலைமை சிஸ்டர் நிற்பது தெரிந்தது. நான் மகாவை விட்டுவிட்டு அவரிடம் போனேன். கூட்டத்திலிருந்து காணிக்கைப் பாட்டு எழுந்தது. பின்னாலிருந்து பிள்ளைகள் தகரங்களோடு நடக்க ஆரம்பித்தார்கள்.

“சிஸ்டர், அந்தப் பிள்ளை ஏன் அதுல இருக்கா?”

“அந்தத் தாத்தாவ நேத்து ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க, பிலோமினா. கடைசி நேரத்துல யாரத் தேட? ஒரு நாற்காலி காலியா இருந்தா நல்லாருக்காதுன்னுதான்.”

“அவ நடக்கிற பிள்ளை.”

“நடக்கான்னு எனக்குத் தெரியாதா? நாந்தான அவளச் சேத்தேன். கொஞ்ச நேரம் உக்காந்தா என்ன குறைஞ்சிரும்? படம் எடுத்ததும் எந்திரிச்சிருவா.”

“அவ தகரம்?”

“ஜெனிபர் கொண்டு போறா. அடுத்த வருசம் மகா கொண்டு போகட்டும்.”

பிறகு நான் பேசியதையெல்லாம் எழுதவேண்டியதில்லை. எல்லாம் நியாயமான பேச்சு, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. கொடுக்க வந்த பிள்ளையை வாங்குகிறவளாக உட்காரவைத்துவிட்டீர்கள் என்றேன். அவளோடு படிக்கிறவர்கள் முன்னாலேயே கழுத்தில் மாலை போட்டு அவளை ஏழை எளியவர் வரிசையில் சேர்த்துவிட்டீர்கள் என்றேன். ஒரு பிள்ளைக்காக வகுப்பைக் கீழே இறக்கிய நீங்களே இப்படிச் செய்யலாமா என்றேன். அந்தத் தகரத்துக்காக அவள் நூற்றுப்பன்னிரண்டு எட்டை எண்ணி எண்ணி நடந்தது உங்களுக்குத் தெரியுமா என்றேன். முதல் சரணம் முடிந்தது. சாமியாரின் பிரசங்கத்தையும் விடவில்லை, எல்லாரும் சமம் என்று மைக்கில் சொல்ல மட்டும் தெரிகிறது என்றேன். சாய்தளத்தையும் இழுத்தேன். மஸ்கட்டையும் இழுத்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு டீச்சர்கள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். இரண்டாவது சரணம் நடந்துகொண்டிருந்தது.

சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவரும் பணிந்துபோகிறவர் இல்லை. அங்கிப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“நீங்க கேட்டதத்தான செஞ்சோம்” என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் அனுப்பிய செய்தி. மஸ்கட்டில் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கையில் கரண்டியோடு அடித்து அனுப்பியது. “பத்து நாற்காலியிலும் பயனாளிகள் உட்கார்ந்திருக்கும் படம் கட்டாயம் வேண்டும் சிஸ்டர். ஒரு நாற்காலிகூடக் காலியாகத் தெரியக்கூடாது. குழுவில் எல்லாரும் கேட்கிறார்கள்.” கடைசியில் இரண்டு கைகூப்பிய படம்.

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. உழைத்தவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று நினைத்து அனுப்பினேன், தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் கடல் கடந்து உதவி அனுப்புகிறவர்கள் ‘கட்டாயம்’ என்று எழுதினால், முதுகு வளைந்த ஒரு சிஸ்டர் எப்படியாவது பத்தாவது ஆளைத் தேடிப்பிடிப்பார் என்று தெரியாத அளவுக்கு நான் சின்னப்பிள்ளை இல்லை.

“அந்தப் படத்தக் கேட்டது நான். அவள உக்காரவச்சது நீங்க” என்றேன் விடாமல். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பாட்டு நின்றது. மேடையில் மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். சாமியார் கடைசித் தகரத்தை வாங்கி வைத்துவிட்டுப் பீடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஜெனிபர் என்ற அந்தப் பிள்ளை துணிப்பையைத் தோளிலிருந்து கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் பந்தலையே பார்த்து நின்றாள். அவள் மீது என்ன தப்பு?

மகாவிடம் போனேன். அவள் அழவில்லை. மாலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் அவளே போட்டு, இறங்கத் தயாராக விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாளோ.

“மன்னிச்சிரும்மா. அவங்ககிட்ட நல்லாக் கேட்டுட்டேன்” என்றேன்.

“எனக்கும் காதுல விழுந்துச்சு ஆன்ட்டி” என்றாள். “மூணு தரம் உங்களக் கூப்ட்டேன். நீங்க திரும்பல.”

“எதுக்குக் கூப்ட்ட?”

“கட்டைய எடுத்துத் தரச் சொல்லத்தான். எடுத்துத் தந்திருந்தா, ரெண்டாவது சரணத்துல கெளம்பியிருந்தாக்கூட, பாதியில ஜெனிபர்ட்ட வாங்கிட்டுப் போயிருப்பேன்.”

குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். பத்து எட்டு தூரம். நானும் சிஸ்டரும் அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றுதான் அவ்வளவு நேரமும் அவளைப் பற்றிப் பேசினோம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கட்டையை எடுத்துக்கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். அட்டையையும் மாலையையும் இருக்கையில் வைத்தாள். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்தின் ஓரமாக நடந்துபோய்த் தன் வகுப்பு வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சிஸ்டர் அவளைக் கூப்பிடவில்லை. அதற்கு நான் அவரிடம் நன்றி சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை.

பூசை முடிந்தது. ஒன்பது பேரையும் நாற்காலியோடு தூக்கி ஏழு படி ஏற்றினார்கள். ஓர் அம்மா பயந்துபோய் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் என்னிடம் வந்து, ஒன்று காலியாக இருக்கிறதே, யாரையாவது உட்காரவைக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் நிற்க எனக்குக் கால் வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், வண்டிகள் நிற்கும் வேப்பமரத்தடிக்குப் போனேன்.

அங்கேதான் இசக்கிமுத்து வந்தார். குட்டியானை நிறையத் தண்ணீர்க் கேன்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் போன், கேமராவைத் திறந்தே வைத்திருந்தார்.

“யக்கா, முடிஞ்சிட்டா?” என்றார் மூச்சு வாங்க. “கேனு பத்தலன்னு டீச்சர் அனுப்புனாக. பாட்டுக்கு முன்ன வந்துரலாம்னு பாத்தேன், ரயில்வே கேட்டை அடைச்சிட்டான். எம் மக போயிட்டாளா? சரியாப் போனாளா?”

நான் குனிந்து வண்டியிலிருந்து ஒரு கேனை இறக்கினேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

“பரவால்ல, நான் பாக்காட்டா என்ன. நீங்க அங்கனதான நின்னிய? ஒரு படம் எடுத்திருப்பியள்லா?”

“எடுக்கலை தம்பி” என்றேன். “அவ போகலை. நான் அங்கன நின்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தேன், அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிட்டு.”

“சண்டையா?” அவர் போனை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டார். “எதுக்குக்கா?”

உன் மகளுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் மூன்று தரம் கூப்பிட்டது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.